மெலிஞ்ச தங்கச்சிக்கு ஈரலில கொழுப்பு: லிப்போடிஸ்ரொபி பற்றித் தெரிஞ்சவை கதையுங்கோ

இணுவில் அக்கா (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். வாசிச்சிட்டுப் போறதுதான் என்ர வழமை, எழுதுறது குறைவு. நாலு வருஷமா எங்கட வீட்டில ஒருத்தருக்கும் விளங்காமல் கிடந்த ஒரு வருத்தத்துக்குப் போன மாதம்தான் பேர் கிடைச்சது: லிப்போடிஸ்ரொபி, தோலுக்குக் கீழ இருக்கவேண்டிய கொழுப்பு இல்லாமல் போற வருத்தம். அதுதான் எழுதுறன்.

தங்கச்சிக்கு 26 வயசு. மெல்லிய பிள்ளை. கை காலில தோலுக்குக் கீழ நேர தசைதான், நரம்பு கயிறு மாதிரித் தெரியும். பெரியபிள்ளையாகும் மட்டும் மற்றப் பிள்ளையள் மாதிரித்தான் இருந்தவ. அதுக்குப் பிறகு ரெண்டு மூண்டு வருஷத்துக்குள்ள காலும் இடுப்புக்குக் கீழயும் வத்திப்போச்சு. முகமும் கழுத்தும் மட்டும் உருண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில "நல்ல ஓட்டக்காரக் கால்" எண்டு விளையாட்டுப் போட்டிக்கு விட்டவை. எங்களுக்கும் பெருமை. கழுத்தைச் சுத்தித் தோல் கறுத்துத் தடிச்சு வந்தது. அழுக்கு எண்டு நினைச்சு அம்மா பயத்தம்மா போட்டு உரஞ்சு உரஞ்சு பிள்ளையை அழப்பண்ணினவ. இப்ப நினைச்சால் நெஞ்சு வலிக்குது.

22 வயசில சீனி வருத்தம் எண்டு கண்டுபிடிச்சவை. குளிசையில நிக்கேல்லை, இன்சுலின் தொடங்கினது. ஏத்தி ஏத்தி ஒரு நாளைக்கு 140 யூனிற்றுக்கு வந்தும் சீனி இறங்கேல்லை. போன வருஷம் மேல்வயித்தில தாங்கேலாத குத்து, முதுகுப்பக்கம் இழுத்த வலி, சத்தி. சதையத்தில (கணையத்தில) அழற்சி எண்டு மறிச்சுப் போட்டவை. இரத்தம் எடுத்த பிள்ளை குழாயைக் கொண்டுவந்து காட்டினவ: கொஞ்ச நேரம் வைக்க, மேல தேங்காயின்ர தலைப்பால் மாதிரி வெள்ளையா நிக்குது. ரைகிளிசரைட் எண்ட இரத்தக் கொழுப்பு 2140. ஸ்கானில ஈரல் முழுக்கக் கொழுப்பு.

அதுக்கு முதல் நாங்கள் காட்டின ஒரு தனியார் இடத்தில, குடிக்கிறனீரோ எண்டு அவளை மூண்டு தரம் கேட்டவை. இன்சுலினை ஒழுங்காப் போடுறேல்லை, ஒளிச்சுச் சாப்பிடுறீர் எண்டும் சொன்னவை. அவள் ஒண்டும் சொல்லாமல் வந்து ஓட்டோவில இருந்து அழுதவள்.

இந்தமுறை கிளினிக்கில பார்த்த டொக்டர் வேற மாதிரி. ரிப்போட்டைப் பார்க்க முதல் அவளின்ர தொடைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். விரலுக்கு நடுவில தோலைத் தவிர ஒண்டும் வரேல்லை. பிறகு பக்கத்தில இருந்த அம்மாவைப் பார்த்து, "அம்மா, உங்கட காலையும் ஒருக்காக் காட்டுவியளோ?" எண்டு கேட்டார். அம்மா வெக்கப்பட்டுச் சாறியை முழங்கால் மட்டும் தூக்க, அச்சொட்டா அதே கால். அம்மாவுக்கும் 15 வருஷமாச் சீனி. "இது எங்கட அம்மாவின்ர கால் டொக்டர், புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணி இறைச்ச கால்" எண்டு அம்மா சொன்னவ. அம்மம்மா தோட்டத்தில முறிஞ்சவ, சரி. ஆனால் அம்மா தோட்டத்துக்கே போனதில்லை.

குடும்ப வழியா வாற பகுதி லிப்போடிஸ்ரொபி, டனிகன் வகையா இருக்கலாம் எண்டு எழுதித் தந்தவர். ஆருக்காவது தெரியுமோ? என்ன சாப்பாடு குடுக்கிறது? மருந்து இருக்கோ? அவளுக்குக் கலியாணம் பேசுற நேரம் வேற.

கொக்குவில் கண்ணன்

அக்கா, பயப்பிடாதேங்கோ. உடம்பில கொழுப்பில்லை எண்டால் கொழுப்பைக் குடுத்தால் சரிதானே? ஆட்டுப்பால், அவித்த முட்டை, நல்லெண்ணெயில உழுத்தங்களி. என்ர மருமகள் எலும்பும் தோலுமா இருந்தவள், ஆறு மாதத்தில ஆள் மாறிப்போனாள்.

வடமராட்சித் தாதி

கண்ணன் தம்பி, நல்ல மனசோடதான் எழுதினியள், ஆனால் இந்தப் பிள்ளைக்கு அதைச் செய்தால் திரும்பவும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலதான் கிடப்பாள். அக்கா, தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். நான் வாட்டுகளில 31 வருஷம் வேலை செய்து ஓய்வெடுத்தனான்.

கொழுப்பை நாங்கள் வேண்டாத சாமான் எண்டு நினைச்சுப் பழகிட்டம். தோலுக்குக் கீழ இருக்கிற கொழுப்புத் திசு ஒரு கொம்பறை. அறுவடை நெல்லு எல்லாம் அதுக்குள்ள போய் ஒழுங்கா இருக்கும், தேவைப்படேக்க வெளியில வரும். கொம்பறை இல்லாத வீட்டுக்கும் நெல்லு வந்துகொண்டுதான் இருக்கும், நிக்காது. விறாந்தையில கொட்டும், குசினியில கொட்டும், படுக்கிற அறையில கொட்டும். உடம்பில அந்த விறாந்தை இரத்தம், குசினி ஈரல், படுக்கையறை தசை. தசைக்குள்ளயும் ஈரலுக்குள்ளயும் கொழுப்பு ஏறினால் இன்சுலின் சொல்லுறதை அதுகள் கேளாது. 140 யூனிற் போட்டும் சீனி இறங்காதது அதாலதான். பிள்ளை களவு செய்யேல்லை. கழுத்துக் கறுப்பும் இரத்தத்தில இன்சுலின் அளவுக்கு மிஞ்சி நிக்கிறதின்ர அடையாளம், உரஞ்சினால் போகாது. அம்மாவையும் மனசு நோகவேண்டாம் எண்டு சொல்லுங்கோ, எத்தினையோ தாய்மார் அதைத்தான் செய்யினம்.

டனிகன் எண்ட பிரித்தானிய வைத்தியர் 1974இல இந்த வகையை விவரிச்சு எழுதினவர். பிள்ளைக் காலத்தில ஒரு வித்தியாசமும் தெரியாது. பெரியபிள்ளையாகிற வயசில கை, கால், பின்பக்கக் கொழுப்புக் கரையத் தொடங்கும், முகம் கழுத்தில சேரும். நீங்கள் எழுதினது அப்பிடியே பொருந்துது. எல்எம்என்ஏ எண்ட மரபணுவில வாற மாற்றம்தான் காரணம் எண்டு 2000ஆம் ஆண்டில கண்டுபிடிச்சவை. அது லாமின் எண்ட புரதத்தை உண்டாக்கிற மரபணு, கலத்தின்ர கருவுக்கு உள்வரிச்சு மாதிரி நிக்கிற புரதம். அதே மரபணு இதயத்தோடயும் தொடர்புபட்டது. அதால அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் ஈசிஜியும் எக்கோவும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கோ.

இன்னொண்டு. வீட்டில ஆம்பிளையளையும் பாருங்கோ. பொம்பிளையில இது கண்ணுக்குத் தெரியும். ஆம்பிளைக்கு எல்லாரும் "நல்ல உடம்பு" எண்டு சொல்லிப்போட்டு விட்டிடுவினம்.

இணுவில் அக்கா

தாதி அம்மா, கடைசியா எழுதினதை வாசிச்சுப்போட்டு இரவு நித்திரை வரேல்லை. அம்மாவின்ர தம்பி, எங்கட சின்ன மாமா, 44 வயசில கடையில நிண்டபடியே விழுந்து செத்தவர். மாரடைப்பு எண்டவை. அவரின்ர உடம்பை ஊரே கதைக்கும். ஒரு நாளும் உடற்பயிற்சி செய்யாத மனுசன், கையைப் பார்த்தால் பாரம் தூக்கிற ஆள் மாதிரி. "கல்லு மாதிரி இருந்தவர், கண்ணூறுதான்" எண்டு இண்டைக்கும் சொல்லுகினம். செத்த வீட்டுப் படத்தை எடுத்து வைச்சுப் பார்த்துக்கொண்டிருந்தனான். என்ர தம்பிக்கும் அதே கைதான்.

புங்குடுதீவு ரொறன்ரோ

இந்தச் சொல்லைத் தமிழில் யாராவது எழுதுவார்களா என்று நான் பல வருடம் தேடியிருக்கிறேன். என்னுடையது வேறு வகை, பரக்கேர் சைமன்ஸ் என்று பெயர். பிறப்பில் வந்ததல்ல, இடையில் வந்தது. ஆனாலும் அக்காவின் தங்கச்சி ஓட்டோவில் அழுத இடத்தில் நானும் நின்றேன்.

1995 ஒக்ரோபரில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது எனக்கு 9 வயது. அந்த வருட ஆரம்பத்தில் எனக்குச் சின்னமுத்து வந்து மாறியிருந்தது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருந்த மாதங்களில் என் முகம் வற்றத் தொடங்கியது. முதலில் கன்னம், பிறகு கழுத்து, கை, நெஞ்சு. எல்லாப் பிள்ளைகளும் அப்போது மெலிந்துதான் இருந்தார்கள், பட்டினிதான் காரணம் என்று நினைத்து ஒருவரும் மேற்கொண்டு யோசிக்கவில்லை. பிறகு சோறு கிடைத்தது, மற்றப் பிள்ளைகளின் கன்னம் திரும்பி வந்தது. என்னுடையது வரவில்லை. இடுப்புக்கு மேல் கிழவி மாதிரியும் கீழே வயதுக்கேற்ற பிள்ளையாகவும் வளர்ந்தேன். அம்மா கோயில் கோயிலாக நூல் கட்டினா. சனம் சொன்ன சொற்களை இங்கே எழுத மாட்டேன்.

கனடா வந்து 19 வயதில்தான் ஒரு தோல் வைத்தியர் பெயர் சொன்னார். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னுடைய கொழுப்புக் கலங்களையே தாக்கும் வகை இது. தலையில் தொடங்கிக் கீழ் நோக்கி இறங்கி, பெரும்பாலும் இடுப்போடு நிற்கும். சின்னமுத்து போன்ற காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கிய ஆட்கள் கனபேர், பெண்கள்தான் கூட. இரத்தத்தில் சி3 என்ற புரதம் குறைந்திருக்கும். என்னுடைய வகையில் சீனி வருத்தம் அவ்வளவாக வராது, பயம் சிறுநீரகத்துக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கிறார்கள், இதுவரை இல்லை. கன்னத்துக்கு நிரப்பு ஊசி போட்டேன். அதை அழகுக்காக என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கண்ணாடியில் ஒரு பத்து வருடம் பார்க்காத என் முகத்தைத் திரும்பப் பார்த்தேன்.

அக்கா, தங்கச்சியிடம் சொல்லுங்கள், அவ தனியாள் இல்லை.

சாவகச்சேரி ஆசிரியர்

என்னுடைய மகனுக்கு 13 வயது, முதலாம் வகை நீரிழிவு. தொடையில் ஊசி போடும் இடத்தில் ஒரு பக்கம் குழி விழுந்தும் மற்றப் பக்கம் மெத்தென்று வீங்கியும் இருக்கிறது. இந்த இழையைப் படித்ததிலிருந்து எனக்குப் பயம். இதுவும் அந்த வருத்தமா?

வடமராட்சித் தாதி

மாஸ்ரர், அது உடம்பு முழுக்கப் பரவிற வருத்தமில்லை. ஊசி போட்ட அந்த இடத்துக் கொழுப்பு மாறுறது. குழி விழுறது முந்தி மாட்டிலயும் பண்டியிலயும் இருந்து இன்சுலின் எடுத்த காலத்தில சாதாரணம், இப்ப குறைவு. வீங்கினது இண்டைக்கும் கனபேருக்கு இருக்கு. ஒரே இடத்தில திரும்பத் திரும்பக் குத்தினால் வரும். நோகாது எண்டு பிள்ளையள் அதிலதான் விரும்பிப் போடுங்கள். ஆனால் அதுக்குள்ள போட்ட இன்சுலின் ஒரு நாள் ஊறும், ஒரு நாள் ஊறாது. சீனி ஏறி இறங்கும். இடம் மாத்தி, ஒரு குத்துக்கும் அடுத்ததுக்கும் ஒரு விரலகலம் விட்டு, வயித்திலயும் தொடையிலயும் சுத்திச் சுத்திப் போடுங்கோ. ஊசி புதுசு பாவியுங்கோ. வீங்கின இடத்தை விட்டு நல்ல இடத்துக்கு மாறேக்க, டொக்டரிட்டக் கேட்டு அளவைக் குறைக்கவேண்டி வரலாம், இல்லாட்டிச் சீனி திடீரெண்டு விழும். இது முக்கியம், மறந்திடாதேங்கோ.

ரொறன்ரோத் தங்கச்சி எழுதினது போல பின்னால வாற வகையள் வேறயும் இருக்கு. எச்ஐவிக்குப் பழைய ஸ்ரவுடின் மருந்து குடிச்ச ஆக்களுக்குக் கன்னமும் கை காலும் வத்தினது. அந்த மருந்தைக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2009இல அறிவிச்சது. வத்தின கன்னத்தைப் பார்த்தே ஆளுக்குப் பேர் சூட்டின காலம் ஒண்டு இருந்தது. அதையும் நினைச்சுக்கொண்டு ஆற்றையும் முகத்தைப் பற்றிக் கதையுங்கோ.

அரியாலை மருந்தாளர்

மருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1994இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃபிறீட்மன் குழுவினர் லெப்ரின் என்ற ஓமோனைக் கண்டறிந்தார்கள். கொழுப்புத் திசுவே சுரந்து மூளைக்கு "காணும், சாப்பிட்டாச்சு" என்று சொல்லும் ஓமோன். பெயர் கிரேக்கத்தில் மெலிவு என்ற சொல்லிலிருந்து வந்தது. கொழுப்பு இல்லாத உடம்பில் லெப்ரினும் இல்லை. ஆகவே வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரியாது. உடல் முழுவதும் கொழுப்பின்றிப் பிறக்கும் குழந்தைகளுக்கு இது மிகக் கடுமை. 1954இல் பிரேசிலில் பெரார்டினெல்லி, 1959இல் நோர்வேயில் செய்ப் எழுதிய வகை அது. பிள்ளை தசைபிடித்துப் பிறக்கும், வயிறு தள்ளியிருக்கும், ஈரல் பெரிதாகும், பசி அடங்காது. "என்ன இந்தப் பிள்ளை இப்படித் தின்னுது" என்று வாய்விட்டுச் சொல்பவர்கள் அந்தப் பிள்ளையின் மூளைக்குச் செய்தி போகவில்லை என்பதை அறிய வேண்டும்.

லெப்ரினைப் போலச் செய்த மெட்ரெலெப்ரின் என்ற ஊசி உண்டு, தினமும் போட வேண்டும். அமெரிக்காவில் 2014இல் முழு உடல் வகைக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். ஐரோப்பாவில் 2018இல், மற்றச் சிகிச்சைகள் பலிக்காத பகுதி வகையினருக்கும், 12 வயதுக்கு மேல், அனுமதி கிடைத்தது. விலை எங்கள் கைக்கு எட்டாதது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தங்கச்சிக்கு இன்றே இங்கே செய்யக்கூடியவை நிறைய. சீனிக்கு மெற்போமின், ரைகிளிசரைட்டுக்கு ஃபெனோஃபைப்ரேட், கொலஸ்ரோலுக்கு ஸ்ராற்றின். பகுதி வகைக்குப் பயோகிளிற்றசோன் சிலருக்கு நன்றாக வேலை செய்யும், இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. எதைத் தொடங்குவதென்று வைத்தியர் முடிவெடுக்கட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மாதவிடாய் ஒழுங்கில்லை என்று போனால் ஈஸ்ரஜன் என்ற பெண் ஓமோன் உள்ள குளிசை எழுதித் தருவது வழமை. இந்த உடம்பில் அது ரைகிளிசரைட்டை ஏற்றிச் சதையத்தை மீண்டும் அழற்சியாக்கலாம். எந்த வைத்தியரிடம் போனாலும் இந்த நோயின் பெயரை முதலில் சொல்லச் சொல்லுங்கள்.

இணுவில் அக்கா

ஐயா, மாதவிடாய்க் குளிசை ரெண்டு வருஷத்துக்கு முதல் ஒரு இடத்தில எழுதித் தந்து, எட்டு மாதம் குடிச்சவள். அதுக்குப் பிறகுதான் அந்த வயித்துக் குத்து. இப்ப கொப்பியின்ர முன்பக்கத்தில சிவப்புப் பேனையால எழுதி ஒட்டியிருக்கிறன்.

சாப்பாட்டை மாத்தினது பற்றி எழுதிறன், ஆருக்காவது உதவும். தேங்காய்ப்பாலை நிப்பாட்டினது பெரிய சண்டை. சொதி இல்லாமல் இடியப்பம் எப்பிடி இறங்கும் எண்டு அம்மா கேட்டா. இப்ப ஆடை எடுத்த பாலைக் கடைசியா விட்டு, வெந்தயமும் பச்சைமிளகாயும் கூடப் போட்டுச் சொதி வைக்கிறன், தேசிக்காய் பிழிய ருசி வருது. மீனைப் பொரிக்கிறேல்லை, புளியாணம்தான். குரக்கன் புட்டு, தேங்காய்ப்பூக் கொஞ்சம். சீனியும் பாணும் கொழுப்பாத்தான் மாறுது எண்டு கிளினிக்கில சொன்ன பிறகு பின்னேரத் தேத்தண்ணிக்குப் பனங்கட்டியையும் விட்டிட்டாள். வீட்டில அவளுக்கு வேற, எங்களுக்கு வேற எண்டு சமைக்கிறேல்லை. எல்லாருக்கும் ஒரே சட்டிதான்.

கலியாண விசயத்தை ஒருத்தரும் தொடேல்லை. வருத்தத்தைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது எண்டு அம்மம்மா நிக்கிறா. சொந்தத்துக்குள்ள, மச்சான் முறைப் பொடியன் ஒருத்தன்தான் பேச்சில.

உடுவில் மருமகள்

அக்கா, சொல்லுங்கோ. எனக்கு என்ர மனுசனின்ர வருத்தத்தைக் கலியாணம் முடிஞ்சு மூண்டாம் மாதம், குளிசைப் பெட்டியைக் கண்டுதான் தெரியும். வருத்தத்துக்கு நான் பயப்பிடேல்லை. என்னை நம்பேல்லை எண்டதுதான் இண்டைக்கும் நோகுது.

வடமராட்சித் தாதி

மச்சான் எந்தப் பக்கத்து மச்சான் எண்டது முக்கியம் அக்கா. டனிகன் வகை ஒரு பக்கத்தில இருந்து வந்தாலே காணும், தாயிட்ட இருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. ஆரைக் கட்டினாலும் அந்தக் கணக்கு அப்பிடியேதான். ஆனால் பொடியன் அம்மாவின்ர சகோதரத்தின்ர பிள்ளை எண்டால் அவரிட்டயும் அதே மரபணு இருக்கலாம். சின்ன மாமாவின்ர மகனோ எண்டு கேக்கிறன். அப்பிடியெண்டால் பேச்சு முத்த முதல் அவரையும் டொக்டர் பார்க்கட்டும். பெரார்டினெல்லி வகை வேற கணக்கு: தாய் தகப்பன் ரெண்டு பேரும் நோயில்லாமல் மரபணுவை மட்டும் வைச்சிருப்பினம், பிள்ளைக்கு நாலில ஒண்டு. சொந்தத்துக்குள்ள கட்டுற ஊர்களில அதுதான் கூடத் தெரியவரும்.

கலியாணம் கட்டேலாது எண்டு நான் சொல்லேல்லை. பிள்ளை பெறலாம். வயித்தில பிள்ளை நிக்கேக்க ரைகிளிசரைட் தானா ஏறும், சில குளிசையளை முன்கூட்டியே நிப்பாட்ட வேணும். அதுக்கு மனுசனுக்கும் மாமிக்கும் தெரிஞ்சிருக்க வேணும். மறைச்சுக் கட்டினால் அந்த மாதங்களில அவளுக்கு ஆர் சமைச்சுக் குடுக்கிறது?

மானிப்பாய்ப் பொடியன்

நானும் சரியான மெலிவு, நரம்பு தெரியும். கையைக் காட்டிப் படம் போடவோ? எனக்கும் இதுவோ?

வடமராட்சித் தாதி

படம் வேண்டாம் தம்பி, பொதுவெளி இது. மெலிவெல்லாம் லிப்போடிஸ்ரொபி இல்லை. சாப்பாடு காணாமல், தைரொயிட் கூடி, கசம் பிடிச்சு, சீனி ஏறி மெலிஞ்சால் கொழுப்போட தசையும் போகும், எடை இறங்கும், ஆள் சோர்ந்து போவார். லிப்போடிஸ்ரொபியில தசை அப்பிடியே நிக்கும், எடை கனதரம் மாறவே மாறாது. பிள்ளையில இருந்து ஒரே மாதிரி மெலிவு, கழுத்துக் கறுப்பில்லை, வீட்டில இளவயசுச் சீனியும் மாரடைப்பும் இல்லை எண்டால் பெரும்பாலும் உங்கட உடம்புவாகு. கிட்டடியில எடை இறங்கினதெண்டால் இந்த இழையில நிக்காமல் நாளைக்கே டொக்டரிட்டப் போங்கோ. இருமல் இருக்கெண்டால் சளியையும் பார்க்கச் சொல்லுங்கோ.

இணுவில் அக்கா

அஞ்சு கிழமைக்குப் பிறகு எழுதிறன். ரைகிளிசரைட் 2140 இல இருந்து 610 க்கு வந்திட்டுது. இன்சுலின் 140 இல இருந்து 96. அவள் ரிப்போட்டைக் கையில வைச்சுக்கொண்டு "அப்ப நான் பொய் சொல்லேல்லை" எண்டு மட்டும் சொன்னவள். மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் வெளியில போகவேணுமாம், முடிவு வர நாளெடுக்கும். அதுக்காக மருந்து நிக்காது எண்டு டொக்டர் சொன்னவர்.

தாதி அம்மா கேட்டது சரி. பொடியன் சின்ன மாமாவின்ர மகன்தான். மாமியிட்ட நானே போய், மாமாவின்ர படத்தையும் அம்மாவின்ர காலையும் பற்றிச் சொன்னனான். மாமி கன நேரம் பேசேல்லை. பிறகு மகனைக் கூப்பிட்டுக் காற்சட்டையை மடிக்கச் சொன்னவ. பார்த்தோண்ண ரெண்டு பேரும் அழுதிட்டம்.

என்ர தம்பி தனக்கொண்டும் இல்லை எண்டு நிண்டவன். தங்கச்சி போய் "எனக்காக வா" எண்டு கேட்ட பிறகு ஓமெண்டிட்டான். வாற செவ்வாய்க்கிழமை விடிய அஞ்சரைக்கு, ரெண்டு பொடியளையும் வெறும் வயித்தோட இரத்தம் குடுக்கக் கூட்டிக்கொண்டு போறன்.